கீழ்க்குரல்காரி

பதின்மூன்று வயதில் என் குரல் உடைந்தது. ஆண்பிள்ளைகளுக்குத்தான் அப்படி உடையும் என்பார்கள். எனக்கும் உடைந்தது.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த சமயம், அப்பா அம்மாவையும் என்னையும் ரயிலேற்றி திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் மட்டும் கடையைக் காத்துக்கொண்டு இங்கேயே இருந்தார். காசிமேட்டுப் படகுக்காரர்களுக்குக் கயிறு, தார், ஆணி, இரும்புக் கொக்கி எல்லாம் விற்கிற கடை. கடைக்கு மேலேயே வீடு.

ஏழெட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். வந்த இரண்டாம் நாள், கைவண்டிக்காரர் ஒருவர் கடை வாசலில் தார்ப்பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து, “அந்தப் பீப்பாயக் கொஞ்சம் ஓரமா வையுங்க” என்று சொன்னேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வெச்சிட்டேன் நைனா” என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு நான் நின்றேன். “அய்யே, நீயா கொயந்தே! நான் நைனான்னு நெனச்சுக்கினேன்” என்று வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வைத்தியம். பனங்கற்கண்டு, மிளகு, தேன், அதிமதுரம், சித்தரத்தை. சளி என்றுதான் அம்மா முதலில் நம்பினாள். சளி என்றால் போய்விடும் அல்லவா? ஒரு வருஷம் ஆகியும் போகவில்லை. குரல் இன்னும் கொஞ்சம் கீழேதான் இறங்கியது. அதற்குப் பிறகு அம்மா மருந்தை நிறுத்திவிட்டு என் வாயை நிறுத்தப் பார்த்தாள்.

“ஏட்டி, ஆளுக வந்தா சும்மா தலைய ஆட்டு. பொம்பளப்பிள்ள குரல் வாசலத் தாண்டிக் கேக்கப்பிடாது.”

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளுக்குக் கிளிமாதிரி மெல்லிய குரல். அவள் அக்கா தங்கைகள் எல்லாருக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்கள் நாலு பேரும் சேர்ந்து ஞானப்பாட்டு பாடினால், கண்ணாடிக் கிண்ணங்களைத் தட்டுவதுபோல் இருக்கும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் இப்படியொரு தொண்டை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஏதோ தன் பக்கம் தவறு நடந்துவிட்டதுபோல நடந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதை. பாட்டு வகுப்பில் டீச்சர் என்னைப் பின்வரிசைக்கு மாற்றி, “நீ வாய மட்டும் அசை, போதும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எல்லாரும் பாடுகிற சுருதிக்கு என்னால் ஏற முடியவில்லை. ஏறப் பார்த்தால் பாதியில் குரல் கிழிந்துவிடும். ஆகவே வாயை அசைத்தேன். பள்ளியில் அசைத்தேன், கோயிலில் அசைத்தேன். நாலைந்து வருஷம் சத்தமில்லாமல் பாடினவள் நான். தண்டையார்பேட்டைப் பக்கம் ரயில் போகிற சமயம் பார்த்து மாடியில் நின்று ஒரு அடி பாடிப் பார்ப்பேன். ரயில் போனதும் நிறுத்திவிடுவேன்.

பதினெட்டு வயதில் முதல் முறையாகப் பெண் பார்க்க வந்தார்கள். தூத்துக்குடிக்காரர்கள், உப்பு வியாபாரம். தட்டை வைத்துவிட்டு நிற்கவேண்டியது, கேட்டதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியது என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். வந்த அம்மாள் என் கையைப் பிடித்து, “எது வரைக்கும்மா படிச்ச?” என்று கேட்டாள். அதற்கு எப்படித் தலையாட்டுவது?

“எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்” என்றேன்.

அந்த அம்மாள் என் கையை விட்டுவிட்டாள். அம்மா அவசரமாக, “பிள்ளைக்குத் தொண்ட கட்டியிருக்கு” என்றாள். அவர்கள் முறுக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள். பெண்ணுக்கு ஏதோ சுகக்கேடு போலிருக்கிறது என்று பிற்பாடு யாரிடமோ சொல்லியனுப்பினார்கள். அன்று அம்மா அடுப்படியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வேலை செய்தாள். நான் ஆறுதல் சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ரயில்வேக்காரர்கள் குடியிருந்த வரிசையில் ஆங்கிலோ இந்திய நர்ஸம்மா ஒருவர் இருந்தார். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷத்தில் அவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிற தம்பியிடமே போய்விடுவது என்று முடிவு செய்து, வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். நல்ல தேக்குப் பீரோ ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, என் கல்யாணத்துக்கு ஆகும் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணமே நிச்சயமாகவில்லை, பீரோ முதலில்.

நர்ஸம்மா கவுன் போட்டுக்கொண்டு, அச்சு அசல் ராயபுரத்துத் தமிழ் பேசுவார். பீரோவைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு, “இது வோணாமா? மிஷின் கூட நல்லா கீதும்மா” என்று மேஜைமேல் இருந்த கிராமபோன் பெட்டியைக் காட்டினார். அம்மா வேண்டாம் என்பதற்குள் சாவி கொடுத்து, ஒரு தட்டை வைத்து, ஊசியை இறக்கிவிட்டார்.

முதலில் கரகரப்பு. பிறகு பிடில்கள். பிறகு அந்தக் குரல்.

எப்படிச் சொல்வது? பெரிய, நிதானமான குரல். ஏறுவதற்கு அவசரப்படாமல், அடியில் நின்றுகொண்டு, நின்ற இடத்திலேயே அகலமாகிக்கொண்டு போயிற்று. என்ன மொழி என்றே தெரியவில்லை.

“ஆம்பளயா பாடுறாவ?” என்று அம்மா கேட்டாள்.

“ஆம்பளயா! இன்னாம்மா நீ, பொம்பளம்மா இது” என்று நர்ஸம்மா சிரித்தார். “இந்தக் குரலுக்குக் கான்ட்ரால்ட்டோன்னு பேரு. பொம்பள குரல்லயே அடிமட்டம் இதான். நூத்துல ஒருத்திக்குக் கூட இருக்காது. அதான் ரெக்கார்டு போட்டு வெச்சிருக்கான்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, பெட்டியின் மரப்பலகைமேல் உள்ளங்கையை வைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளே, அப்படி.

“இது உன் தொண்டைட்டி” என்றாள்.

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா என்னைப் பேசச் சொன்னாள். என்ன பேசுவது என்று தெரியாமல், “ரொம்ப நல்லா இருக்கு” என்றேன். நர்ஸம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “அடிப்பாவி, உள்ளாறயே வெச்சிக்கினு கீறியே!” என்றார்.

அப்புறம் அவரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விவரம் சொன்னார். வெள்ளைக்காரர்கள் ஊரில் முழு நாடகத்தையும் பாட்டாகவே பாடி நடிப்பார்களாம், அதற்கு ஆபெரா என்று பெயராம். உச்சத்தில் பாடுகிறவளுக்குக் கதாநாயகி வேஷம். இந்தக் குரலுக்குச் சூனியக்காரி, ஆயா, இல்லையென்றால் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ராஜகுமாரன் வேஷம்.

அம்மா யோசித்துவிட்டு, “அம்மா வேசம் உண்டா?” என்று கேட்டாள்.

“ஓ, உண்டே. அம்மான்னா இந்தக் குரல்தான்.”

அது அம்மாவுக்குத் திருப்தியாக இருந்தது. பீரோ வாங்க வந்தவள், கிராமபோனையும் அந்தத் தட்டையும் வேறு இரண்டு தட்டுகளையும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ரிக்‌ஷாவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். பீரோ எங்கே என்று அப்பா கேட்டதற்கு, “பேசாம கேளுங்க” என்று ஊசியை வைத்தாள். அப்பா கேட்டார். பாட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நம்ம பிள்ள மாதிரில்லா இருக்கு” என்றார். அம்மாவுக்கு ஒரே பெருமை. தானே கண்டுபிடித்ததுபோல.

அதற்குப் பிறகு நான் ரயிலுக்குக் காத்திருக்கவில்லை. பகலெல்லாம் அந்தத் தட்டைப் போட்டு அதோடு கூடவே பாடினேன். அர்த்தம் தெரியாத அந்த வார்த்தைகளை எனக்குக் கேட்டபடியே பாடினேன். கீழே கடையில் கயிறு வாங்க வந்த படகுக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். “இன்னாங்க, மேல எந்த ஊர் பாட்டு ஓடிக்கினு கீது?” என்று கேட்பார்களாம். அப்பா, “ரேடியோ இல்ல, என் மக” என்பாராம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துப் பாடகர் குழுத் தலைவரிடம் அழைத்துப் போனாள். அவர் துறைமுக ஆபீசில் கணக்கர். கோயிலில் ஆர்கன் வாசிப்பார். எங்கள் பாடகர் குழுவில் பெயருக்கு நாலு குரல் உண்டு. பெண்களில் மேல் குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ; ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். ஆல்ட்டோவுக்கு இரண்டு அம்மாமார் நிற்பார்கள். முதலடியைக் கீழே பாடுவார்கள். இரண்டாம் அடியில் பக்கத்தில் இருக்கிறவர்களின் மெட்டு காதில் விழுந்து மேலே போய்ச் சேர்ந்துகொள்வார்கள். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

“பிள்ளைக்குக் கான்ட்ரால்ட்டோ” என்றாள் அம்மா, வியாதியின் பெயரை டாக்டரிடம் சொல்வதுபோல.

தலைவர் நம்பவில்லை. ஆர்கன் முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தி, பாடு என்றார். பாடினேன். அதற்கடுத்துக் கீழே. பாடினேன். இன்னும் கீழே. அவர் கால் பெடலை மிதித்துக்கொண்டே ஒவ்வொன்றாக இறங்கினார். ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இதுக்குக் கீழ டெனர் ஆட்களோட இடம்மா” என்றார்.

“போகட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “வேண்டாம். அவங்க பொழப்புல கை வைக்காத. ஆல்ட்டோவுல நில்லு. இத்தன வருசம் அந்த வரிசைய யாரும் கடைசி வரைக்கும் பாடி நான் கேட்டதில்ல.”

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டின் மூன்றாம் சரணத்தைத் தனியாகப் பாட எனக்குக் கொடுத்தார்கள். நான் ஆரம்பித்ததும் முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. ஆண்கள் பக்கம் பார்த்தார்கள், அங்கே யாரும் பாடவில்லை. ஆயர் பக்கம் பார்த்தார்கள், அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார்கள். நான் சரணத்தைக் கடைசி அடி வரைக்கும் பாடி முடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. என் குரல் இப்போது ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரைக்கும் தெரிந்துபோன விஷயம். ஒளிக்க வழியில்லை. பழைய அம்மாவாக இருந்தால் உடைந்துபோயிருப்பாள். இந்த அம்மா, “வாரவன் கேட்டுட்டே வரட்டும்” என்றாள்.

பிறகு ஒருநாள் அவர் வந்தார். காசிமேட்டுப் பக்கம் கப்பல் பழுது பார்க்கிற பட்டறை ஒன்றில் கொதிகலன் வேலை. தாயும் மகனும் மட்டும் வந்தார்கள். அவர் குடும்பமும் எங்கள் பக்கத்துச் சீமைதான், ஆனால் அவர் இங்கேயே பிறந்து பட்டறையிலேயே வளர்ந்தவர். உயரமான ஆள். கழுவிக் கழுவித் தேய்ந்த கைகள். அவர் அம்மா மகனை ஒட்டியே உட்கார்ந்துகொண்டு, யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொன்னார். மகன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டக்கூடாத இடத்திலும் ஆட்டினார்.

அந்த அம்மாள் காப்பியை வாயில் வைத்த நேரம் பார்த்து, என் அம்மா சர்க்கரை போதுமா என்று அவரிடமே கேட்டாள்.

“தம்பி, சீனி காணுமா?”

“பட்டறைல எட்டு வருசமா” என்றார் அவர்.

அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அவருடைய அம்மா முகம் வெளுத்துவிட்டது. அடுத்தவர் படுகிற சங்கடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “போடுங்க” என்றார்.

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துப் பேசினார். “சொல்லாதன்னுச்சு அம்மா. சொல்லிடறேன் நைனா. வெளிலருந்து ரிவெட்டு ஆணி அடிப்பாங்க. கொதிகலனுக்கு உள்ளாற குந்திக்கினு அத்த முட்டுக் குடுத்துத் தாங்கற வேல என்னுது. எட்டு வருசமா அந்த சத்தத்துல காது போய்டுச்சு. சன்னமான குரல் ஒண்ணும் வுழாது, கனமான குரல்தான் வுழும். அம்மா பேசறதே வாயப் பாத்துதான் தெரிஞ்சுக்கறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இவங்க பேசனது வுழுந்திச்சு.”

அவர் அம்மா அழ ஆரம்பித்தார். என் அம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தங்கள் பிள்ளைகளைப் பற்றி எதையோ மறைத்து வைத்து, அதைச் சுமந்துகொண்டு திரிந்தவர்கள். அவர்களுக்குள் அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை.

“பாடுட்டி” என்றாள் அம்மா.

கிறிஸ்துமஸில் பாடிய அந்தச் சரணத்தைப் பாடினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு கேட்கிறவர்கள் கண்ணை மூடுவார்கள், தலையாட்டுவார்கள். அவர் அப்படியெல்லாம் செய்யவில்லை. தொலைவில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், “பாட்டு முயுசாக் கேட்டுச்சு” என்றார். வேறு பாராட்டு ஒன்றும் அவருக்குத் தெரியாது. அதற்குமேல் எனக்கும் தேவைப்படவில்லை.

அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. பீரோ இல்லாமல், கிராமபோனோடு போனேன்.

அந்த வீட்டில் நான் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, தூது சொல்வதாக இருந்தது. மாமியாரும் நாத்தனாரும் சொல்வதை நான்தான் அவரிடம் திருப்பிச் சொல்வேன். “மீன் வாங்கிட்டு வரச் சொல்லும்மா.” சொல்வேன். “மழை வருதாம், குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு.” சொல்வேன். நான் கத்தவே வேண்டாம். சாதாரணமாகப் பேசினால் போதும். ஒருநாள் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே, “பெத்தவ நான். ஆனா அவன் கேக்கது உன் பேச்ச” என்றார். பாதி விளையாட்டு, பாதி வருத்தம். மறுநாளிலிருந்து, “அம்மா சொல்றாங்க” என்று ஆரம்பித்து, மாமியார் சொன்ன வார்த்தைகளையே மாற்றாமல் அப்படியே சொன்னேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் என் பக்கத்தில் நின்றுகொண்டு நீளமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பட்டறைக்குப் போகிறவனுக்கு ஒரு தாய் என்னவெல்லாம் சொல்ல ஆசைப்படுவாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவுக்கு மிக அருகில், தூணோரமாக அவர் உட்காருவார். மெட்டைப் பாடுகிற சோப்ரானோக்களின் குரல் அவர் காதுக்கு எட்டாது. ஆண்கள் பாடுவது எட்டும், அதில் அவருக்கு அக்கறையில்லை. என் ஆல்ட்டோ வரிசையை மட்டும்தான் கேட்பார். ஆல்ட்டோ என்பது மெட்டு அல்ல. மெட்டுக்கு அடியில் ஓடுகிற வரிசை. நாலு அடியும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும், எப்போதாவது ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். தனியாகக் கேட்டால் பாட்டு என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

அவருக்கு அதுதான் பாட்டு. இது எனக்கு வெகுநாள் தெரியாது. எங்கள் மகள் ஞாயிறு பள்ளிக்குப் போக ஆரம்பித்து, ஒரு கீர்த்தனையைக் கற்றுக்கொண்டு வந்து, அப்பாவின் மடியில் ஏறி அவர் காதோடு காதாகப் பாடினாள். அவ்வளவு நெருக்கத்தில் அவருக்கு ஏதோ கேட்டிருக்கவேண்டும்.

“தப்பா பாடறியேம்மா” என்றார் அவர். “இப்டி இல்ல, இப்டி.” என்று சொல்லிவிட்டு, ஏறாமல் இறங்காமல் நிற்கிற என் வரிசையை, முதலடி முதல் ஆமென் வரைக்கும் ஒரு சுரம் பிசகாமல் பாடிக் காட்டினார்.

மகள் என்னைப் பார்த்தாள். “அம்மா, டீச்சர் வேற மாதிரி சொல்லிக்குடுத்தாங்க.”

நான் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“உங்க டீச்சர் சொன்னது சரிதான்” என்றேன். “அப்பா சொல்றதும் சரிதான். நீ உன்னோடதப் பாடு. அப்பா அவரோடதப் பாடட்டும்.”

இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள்.